மாயவரம் பக்கம் பழைய ஓட்டு வீடு, சுவரெல்லாம் ஓதம் – ஊர் மேஸ்திரிகிட்ட விடவா, டவுன் காண்ட்ராக்டர்கிட்ட விடவா?

கொல்லைத்தென்னை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. நான் திருப்பூர்ல வேலையில இருக்கேன், அம்மா மட்டும் ஊர்ல, குத்தாலத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவுல ஒரு கிராமம். வீடு தாத்தா கட்டினது. முன்னாடி திண்ணை, ரேழி, முத்தம், கூடம் எல்லாம் நாட்டு ஓடு. செங்கச் சுவர்தான், ஆனா உள்ள மண் சாந்தா சுண்ணாம்பு சாந்தானு எனக்குத் தெரியல. பின்னாடி கொல்லைப்பக்கம் 1994ல அப்பா தளம் போட்டு ரெண்டு ரூம் எடுத்தார்.

பிரச்சனை என்னன்னா கூடத்துச் சுவர் தரையிலேருந்து ஒரு 3 அடிக்கு காரை பொரிஞ்சு மாவு மாதிரி கொட்டுது. ரெண்டு வருசம் முன்னாடி பட்டி பாத்து நல்ல எமல்ஷனா அடிச்சோம், அடுத்த பொங்கலுக்கு வந்து பாத்தா அப்பளம் மாதிரி உப்பி நிக்குது, விரலால தட்டினா பொலபொலனு விழுது. பின்னாடி ஒரு ரூம்ல சீலிங் காங்கிரீட் பேந்து கம்பி தெரியுது. ஐப்பசி வந்தா வாசக்கதவு உப்பிக்கிட்டு சாத்தவே முடியாது, அம்மா தோள் குடுத்து தள்றாங்க. அப்புறம் மழை நாள்ல சுவிட்ச் போர்டு பக்கம் சுவத்துல கை வெச்சா லேசா ஜிவ்வுங்குதுன்னாங்க, அதையும் இதோட சேத்து பாத்துடலாம்னு இருக்கேன்.

ரெண்டு பேரக் கேட்டாச்சு. ஒருத்தர் எங்க ஊர் மேஸ்திரி, அப்பா காலத்துலேருந்து பழக்கம். சாமான் நீங்க வாங்கிக் குடுங்க, கூலி மட்டும் பேசிக்கலாங்கிறார், எத்தன நாளாகும்னா "பாத்துக்கலாம் தம்பி"ங்கிறார், அதுக்கு மேல ஒரு வார்த்த வாங்க முடியல. இன்னொருத்தர் டவுன்ல ஆபீஸ் வெச்சிருக்கவர், சாமான் கூலி எல்லாம் சேத்து சதுர அடி ரேட், கம்ப்யூட்டர்ல அடிச்ச கொட்டேஷன், போன்ல 3டி படம் வேற காட்டினார். பழைய காரைய உரிச்சிட்டு வாட்டர் ப்ரூஃப் கலந்த சிமெண்ட் பூச்சு, அதுக்கு மேல 4 அடி உசரத்துக்கு டைல்ஸ் ஒட்டிட்டா ஓதமே தெரியாதுங்கிறார். பாதிப் பணம் முன்பணம், 25 நாள்ல சாவி கையிலங்கிறார். கேக்க நல்லாத்தான் இருக்கு.

நான் மாசத்துக்கு ஒருக்காதான் ஊருக்கு வர முடியும், அம்மாவுக்கு 68 வயசு, அவங்கதான் கூட நின்னு பாத்துக்கணும். யாருகிட்ட விடுறது, எழுதி வாங்கணுமா, பணம் எப்படி பிரிச்சுக் குடுக்கிறது, எந்த மாசத்துல ஆரம்பிக்கிறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

—

வயர்மேன்_குடந்தை:

அண்ணே மத்ததெல்லாம் அப்புறம். சுவத்துல கை வெச்சா ஜிவ்வுங்குதுனு நாலாவது வரியில போற போக்குல எழுதியிருக்கீங்க, அதுதான் முதல் வேலை. கொத்தனார் வந்து ஈரச் சுவத்த உளி வெச்சு உடைக்கிறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன் வந்தாகணும். பழைய வீட்டுல மரப்பட்டி வயரிங்கா இருக்கும், எர்த் கம்பியே ஓடியிருக்காது, ஓதம் ஏறின சுவரே கம்பி மாதிரி ஆயிடும். இன்னிக்கே அம்மாவுக்கு போன் போட்டு அந்த போர்டுக்குப் போற ஃபியூஸ புடுங்கச் சொல்லாதீங்க, அந்த போர்டுல அவங்க கை வைக்க வேணாம், மெயின அணைச்சிட்டு பக்கத்துல யாரையாவது தெரிஞ்ச ஆளக் கூப்பிடச் சொல்லுங்க. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா அணைஞ்சிடற சுவிட்ச், ஒண்ணு மாட்டி, புதுசா எர்த் குழி போடுங்க. எம்சிபி இருக்கேன்னு சும்மா இருந்துடாதீங்க, அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும், ஆள் மேல பாயிற சின்ன கசிவுக்கு விழாது.

—

பழைய ஓவர்சியர்:

வயர்மேன் தம்பி சொன்னத முதல்ல செய்யுங்க. அப்புறம் நான் சொல்றதக் கேளுங்க. 30 வருசத்துக்கு மேல சைட்டுல நின்னவன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

நீங்க ஆள் யாருனு கேக்குறீங்க, நான் தண்ணி எங்கேருந்து வருதுனு கேக்குறேன். வந்த ரெண்டு பேர்ல யாராவது கொல்லைப்பக்கம் போய் சுவத்தோட அடியப் பாத்தாங்களா? குளிக்கிற தண்ணி எங்க போகுதுனு கேட்டாங்களா? எரவாணத்துத் தண்ணி சொட்டி எங்க விழுதுனு பாத்தாங்களா? டேப்ப எடுத்து நீளம் அகலம் அளந்துட்டு ரேட் சொல்லிட்டுப் போனவர்கிட்ட சுவர் வேலைய குடுக்காதீங்க.

நம்ம டெல்டா மண்ணு களி. தண்ணிய குடிச்சா விடாது. வழக்கமா ஜூன் 12ல மேட்டூர் திறப்பாங்க, 2024ல மாதிரி ஜூலை 28 வரைக்கும் தள்ளிப்போற வருசமும் உண்டு, அது கடைமடை வந்து சேந்த பிறகு வாய்க்கா வயல் குட்டை எல்லாம் நெறஞ்சு, அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழையும் சேந்து மார்கழி வரைக்கும் நிலத்தடி நீர் காலுக்கு அடியிலயே நிக்கும். உங்க தாத்தா காலத்துச் சுவத்துல டிபிசினு ஒண்ணு போட்டிருக்க மாட்டாங்க. அதாவது அடிமட்டத்துல தண்ணி மேல ஏறாம தடுக்கிற ஒரு அடுக்கு. அது இல்லாத செங்க, விளக்குத் திரி எண்ணெய உறிஞ்சுற மாதிரி தண்ணிய உறிஞ்சி மேல ஏத்தும். தண்ணியோட மண்ணுல இருக்கிற உப்பும் ஏறும். தண்ணி காத்துல ஆவியாயிடும், உப்பு காரைக்குள்ள தங்கி கல்லா கட்டும், கட்டும்போது பெருத்து காரைய நெட்டித் தள்ளும். உங்க பட்டி அப்பளமானது இதனாலதான். பெயிண்ட் கம்பெனிய திட்டி பிரயோஜனம் இல்ல.

இப்ப இதுக்கு மேல சிமெண்ட் பூசி டைல்ஸும் ஒட்டினா என்ன ஆகும்? தண்ணி வர்றது நிக்கல, வெளிய போற வழிதான் அடைஞ்சிருக்கு. அது டைல்ஸத் தாண்டி மேல வந்து மூச்சு விடும். 3 அடில இருந்தது 5 அடில வரும்.

ஒரு சின்ன சோதனை சொல்றேன், காசு செலவில்ல. ஒரு அடிக்கு ஒரு அடி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள், பழைய மளிகைக் கவர் கூட போதும், சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டுங்க. ரெண்டு நாள் விடுங்க. தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கட்டினா சுவருக்குள்ளேருந்து வருது. வெளிப்பக்கம் கட்டினா அது காத்துல இருக்கிற ஈரம், குளுந்த சுவத்துல படியுது, ஜன்னலத் தொறந்து வெச்சாலே பாதி தீந்துடும். தரையிலேருந்து அரை அடில ஒண்ணு, 3 அடில ஒண்ணு, 5 அடில ஒண்ணு ஒட்டிப் பாருங்க. மேல காஞ்சு கீழ ஈரம்னா ஓதம். மேலதான் அதிகம்னா ஓடு ஒழுகுது.

ஓதம்தான்னா, பொரிஞ்ச உசரத்துக்கு மேல இன்னும் ஒரு ஒன்றரை அடி சேத்து காரைய உரிச்சிட்டு, செங்கலுக்கு நடுவுல இருக்கிற செத்த சாந்த முக்கா இஞ்சுக்கு சுரண்டிட்டு, வெள்ளையா பூத்திருக்கிற உப்ப காஞ்ச பிரஷ்ஷால தட்டி வாரிக் கொட்டுங்க. தண்ணி விட்டுக் கழுவாதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ளயே போயிடும். அப்படியே காயப்போடுங்க. ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மாசம்னு ஒரு பழைய கணக்கு உண்டு, அந்தக் கணக்குப்படி ஒன்றரை அடி கனச் சுவர் ஒரு கோடையில காயாது, அதனாலதான் மேல பூசறது மூச்சு விடுற பூச்சா இருக்கணும்ங்கிறது. சுண்ணாம்புப் பூச்சு, மேல வெறும் சுண்ணாம்பு வெள்ளை. மாசியில உரிச்சு, சித்திரையில பூசி, ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. 25 நாள்ல சாவிங்கிறவருக்கு இது ஒத்து வராது.

இன்னொண்ணு. தெரு ரோடு உங்க சின்ன வயசுல எந்த மட்டத்துல இருந்துச்சு? எங்க ஊர்ல ரோட்டு மேலயே ரோடு போட்டு போட்டு, மூணு படி ஏறிப் போன வீட்டுக்கெல்லாம் இப்ப ஒரு படி இறங்கிப் போறோம். அப்படின்னா சுவத்த ஒட்டி வெளிப்பக்கம் ஏறிக் கெடக்கிற மண்ண வெட்டி இறக்கி, தண்ணி வெளிய ஓடற மாதிரி சரிவு வெச்சு வடிகால் எடுக்கணும். பாதி ஓதம் அதுலயே கட்டுப்படும், வெறும் மண்வெட்டி வேலைதான்.

—

சும்மா_வந்தேன்:

4 அடி டைல்ஸ் எங்க சித்தப்பா வீட்ல ஒட்டினாங்க. இப்ப 6 அடி வரைக்கும் ஒட்டலாமானு யோசிக்கிறாரு. இப்படியே போனா ஓட்டத் தொட்டுடுவாரு.

வீட்டையே ஜாக்கி வெச்சு தூக்கிடலாமே? யூடியூப்ல பாத்தேன்.

—

பழைய ஓவர்சியர்:

ஜாக்கி வெச்சு தூக்கறது அடியில பெல்ட் காங்கிரீட் இருக்கிற வீட்டுக்குப் பேசலாம் தம்பி. மண் சாந்துச் சுவத்த தூக்கினா செங்க செங்கலாத்தான் வரும்.

—

மன்னை_பொண்ணு:

கொல்லைத்தென்னை தம்பி, நான் பணம் போன கதைய சொல்றேன், அப்பவாவது அந்த பாதி முன்பணத்த மட்டும் குடுக்காதீங்க.

எங்களுது மன்னார்குடி பக்கம். 2018 நவம்பர் 16 விடிகாலையில கஜா அடிச்சதுல கூடத்து ஓடு முக்காவாசி பறந்துடுச்சு, அப்ப அவசரத்துக்கு தார்ப்பாய், அப்புறம் தகர ஷீட்டுனு மூணு வருசம் ஓட்டினோம். சரி ஒழுங்கா சீமை ஓடு போட்டு கைமரம் ரீப்பர் எல்லாம் மாத்திடலாம்னு ஒரு காண்ட்ராக்டரப் புடிச்சோம், பேரு வேணாம், எங்க சொந்தத்துல ஒருத்தர் சொல்லித்தான் வந்தார். பாதிப் பணம் முன்னாடியே குடுத்தாச்சு. புரட்டாசி கடைசில வந்து 10 நாள்ல முடிச்சுடறேன் அக்கானு ஷீட்ட பிரிச்சார். பிரிச்ச நாலாம் நாள் ஆளக் காணும். வேற சைட்டுல தளம் போடுறாங்களாம், மரம் இன்னும் அறுத்து வரலயாம், மாமனார் சாவாம், ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். ஐப்பசி மழை புடிச்சிடுச்சு. மேல வானம் கீழ நாங்க. பத்தாயத்துல இருந்த நெல்லு நனஞ்சு மொளவிட்டுப் போச்சு, எங்க மாமியார் அந்த நெல்லக் கையில அள்ளி வெச்சுக்கிட்டு ஒரு வார்த்த பேசல, அதத்தான் இன்னிக்கும் மறக்க முடியல.

அதுக்கும் மேல ஒண்ணு நடந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு மரக்கடைக்காரரும் சிமெண்ட் கடைக்காரரும் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. எங்க பேரச் சொல்லி கடன்ல சாமான் எடுத்திருக்கார், அதுல பாதி எங்க வீட்டுக்கே வரல. அதனால கேட்டுக்கங்க, சாமான் காசு நேரா கடைக்கு உங்க கையால போகணும், ஜிபே இல்ல பேங்க் மூலமா, பில்லு உங்க பேர்ல. நான் சொல்லாம யாருக்கும் என் கணக்குல சாமான் குடுக்காதீங்கனு கடையில முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. கூலி சனிக்கிழமை சனிக்கிழமை, அந்த வாரம் நடந்த வேலைக்கு மட்டும்.

எழுதி வாங்கணுமான்னு கேட்டீங்க. கண்டிப்பா வாங்கணும். பெரிய பத்திரமெல்லாம் வேண்டாம்னாலும் ஒரு முத்திரைத்தாள்ல என்ன வேலை, என்ன சாமான், எந்த தேதிக்குள்ள, எத்தன தவணைனு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து, ஆதார் நகல் ஒண்ணு. அதுக்கு மேல நடுவுல பேசுற ஒவ்வொண்ணையும், "அண்ணே இன்னிக்கு பேசினபடி பின்கட்டு ஓடு மட்டும் சேத்துக்கிறோம், அதுக்கு இவ்வளவு" அப்படினு வாட்ஸ்அப்ல போட்டுடுங்க, அவர் சரினு ஒரு கட்டைவிரல் போட்டா போதும். நாங்க நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனப்ப அதுதான் கை குடுத்துச்சு. 5 லட்சம் வரைக்கும் குடுத்த வேலைக்கு அங்க கட்டணமே இல்ல, நம்ம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், ஆனா 2 வருசத்துக்குள்ள போட்டுடணும். வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் ஆளே போன் எடுத்தார், கடைசில பாதிக்குக் கொஞ்சம் மேல திருப்பிக் குடுத்து சமாதானமாப் போச்சு. நெல்லு போனது போனதுதான்.

கடைசித் தவணைய மட்டும் ஐப்பசி மழை ஒண்ணு பெஞ்சு முடிஞ்ச பிறகு தர்றதா எழுதிக்கங்க. ஓடு வேலைக்கு அதவிட நல்ல இன்ஜினியர் கிடையாது.

—

கரண்டி_மேஸ்திரி:

எல்லாரும் எங்கள திருடன்கற மாதிரியே பேசுறீங்க சரி பேசுங்க. நானும் மேஸ்திரிதான், திருவிடமருதூர் பக்கம், 22 வருசமா கரண்டி புடிக்கிறேன். அந்த அக்கா சொன்ன மாதிரி ஆளுங்க இருக்காங்க இல்லங்கல, ஆனா எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க.

பழைய வீட்டு ரிப்பேருக்கு சதுர அடி ரேட் எவன் சொன்னாலும் அவன் ஒண்ணு வேலை தெரியாதவன் இல்ல நடுவுல ரேட்ட ஏத்தப் போறவன். ஏன்னா காரைய உரிக்கிற வரைக்கும் உள்ள என்ன இருக்குனு எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது அந்த ஆண்டவனுக்கும் தெரியாது, ஒரு சுவத்த உரிச்சா செங்க கல்லு மாதிரி நிக்கும் பக்கத்துச் சுவத்த உரிச்சா கரையான் புத்து ஜன்னல் நிலைக்குள்ள வரைக்கும் போயிருக்கும், ரெண்டுக்கும் ஒரே ரேட்டுன்னா யாரோ ஒருத்தன் ஏமாறணும். அதனால உரிக்கிற வேலைய மட்டும் தினக்கூலியில விடுங்க. ஒரு கொத்தனார் ரெண்டு ஆள், மூணு நாலு நாள். உரிச்சு எல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு அதே ஆளையும் இன்னொருத்தரையும் நிக்க வெச்சு ரேட் கேளுங்க. அதுக்கு ஒத்துக்காத ஆளுகிட்ட போகாதீங்க.

அப்புறம் சண்டை வர்ற இடம் எல்லாம் சின்ன சின்ன இடம்தான். இடிச்ச கழிவ யாரு அள்ளுறது? கதவு ஜன்னல் ஓட்டைய பூச்சு அளவுல கழிக்கிறதா சேக்கிறதா? சாரம் கட்ட மூங்கி யாருது? கரண்ட், தண்ணி மோட்டார்? டீக்காசு? இதெல்லாம் முதல் நாளே பேசிட்டா கடைசி நாள்ல மொகம் கோணாது. 

வீட்டுக்காரங்க பண்றதையும் சொல்றேன். சிமெண்ட் பூச்சு பூசிட்டுப் போனா தண்ணி அடிங்கனு தலப்பாடா சொல்லிட்டுப் போறோம், 7 நாள், இப்ப வர்ற சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்டுக்கு 10 நாளாவது அடிக்கணும், ரெண்டாம் நாளோட விட்டுடறாங்க, அப்புறம் மேஸ்திரி பூச்சு வெடிச்சிடுச்சுங்கிறது. பூச்சுக்கு பி சாண்ட் வாங்குங்கன்னா காசு கம்மினு எம் சாண்டையே அள்ளிக் கொட்டறது, காங்கிரீட்டுக்கு போடற மணல்ல பூசினா சொரசொரனு வராம என்ன பண்ணும். மழை நாள்ல சிமெண்ட் மூட்டைய தரையில சுவத்த ஒட்டி அடுக்கி வெக்கிறது, அதுலயே பாதி கல்லாப் போயிடும். பலகை போட்டு சுவத்த விட்டு ஒரு அடி தள்ளி அடுக்கணும், மூட்டையில தேதி போட்டிருக்கும் பாத்து 3 மாசத்துக்கு மேலானத வாங்காதீங்க.

கடைசிப் பணம் ஐப்பசிக்கு அப்புறம்ங்கிறீங்க. சித்திரையில முடிச்ச வேலைக்கு நான் ஆறு மாசம் காத்திருக்கணும், என் ஆளுங்களுக்கு யாரு குடுப்பா? நூத்துக்கு அஞ்சு ரூவா நிறுத்துங்க, ஓடு வேலைன்னா பத்து ரூவா கூட நிறுத்துங்க, அதுக்கு மேல நிறுத்தினா நல்ல ஆளு வரமாட்டான், வர்றவன் அந்தப் பணத்த முன்னாடியே ரேட்டுல ஏத்தி வெச்சுட்டுத்தான் வருவான்.

தை மாசம் ஆரம்பிக்காதீங்க. அறுப்பு நேரம், மிஷின் வந்தாலும் வைக்கோல் கட்டு அது இதுனு ஆளு பாதி வயலுக்குப் போயிடும். மாசி பொறந்தா ஆளு கிடைக்கும்.

உங்க ஊர் மேஸ்திரி "பாத்துக்கலாம்"ன்னாரு பாருங்க, அது தெரியாம சொன்னதா தெரிஞ்சு சொன்னதானு ஒரு கேள்வில கண்டுபுடிக்கலாம். கூடத்துச் சுவர் எதனால பொரியுதுனு கேளுங்க. "உப்பு தம்பி, அடியில இருந்து வருது"ன்னா ஆளு சரி. "அது மட்டமான பெயிண்டு"ன்னா வேற ஆளப் பாருங்க.

—

நாகை_கடற்காத்து:

சீலிங் பத்தி யாருமே சொல்லலயே. சுவர் கொட்டினா அழுக்கு, சீலிங் கொட்டினா ஆளுக்கு ஆபத்து. அந்த ரூம்ல அம்மாவ படுக்க விடாதீங்க.

எங்க பக்கம் கடல் காத்து, இது வீட்டுக்கு வீடு நடக்கிறது. கம்பிக்கு அடியில இருக்கிற காங்கிரீட் கனம் குறைஞ்சது 20 மில்லிமீட்டர் இருக்கணும், 90கள்ல சின்ன சின்ன வீட்டுத் தளத்துல பாதி இடத்துல கம்பி சென்டரிங் பலகை மேலயே படுத்திருக்கும். மேலேருந்து ஈரம் இறங்கும், கம்பி துரு புடிக்கும், துரு இரும்ப விட பல மடங்கு உப்பும், காங்கிரீட்ட அடிப்பக்கம் நெட்டி வெடிக்க வெச்சிடும். இதுக்கு கொத்தனாரக் கூப்பிட்டு வெறும் சிமெண்ட் அப்பி விட்டா ஒரே வருசத்துல பாளம் பாளமா விழும், எங்க வீட்ல ரெண்டு தடவ விழுந்திருக்கு, ஒரு தடவ சாப்பாட்டுத் தட்டுல.

சுத்தியல் கைப்பிடியால தட்டிப் பாக்கச் சொல்லுங்க, டொக்கு டொக்குனு வர்ற இடம் எல்லாம் உள்ள விட்டுப் போச்சுனு அர்த்தம். முட்டு குடுத்துட்டு அத்தனையும் தட்டிக் கொட்டி, கம்பிக்குப் பின்பக்கம் வரைக்கும் எடுத்து, கம்பி பிரஷ் போட்டு துருவத் தேச்சு, துரு தடுக்கிற பூச்சு அடிச்சு, அப்புறம் பாலிமர் கலந்த சாந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். கம்பி பென்சில் மாதிரி தேஞ்சிருந்தா அது மேஸ்திரி விசயமே இல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தருக்கு பீஸ் குடுத்து வரவழைங்க. அதோட முதல்ல மொட்டை மாடி. மேல ஒழுகுறத அடைக்காம கீழ பூசுறது ஓட்டைக் குடத்துல தண்ணி மொள்ற கதை. தட்டோடு இடுக்கு எல்லாம் வாய் தொறந்திருக்கும், தண்ணி போற குழாய் வாயில ஆலங்கன்னு மொளச்சிருக்கும், பாருங்க.

ஒழுகுதானு பாக்க மாடில தண்ணி கட்டி வெக்கலாம்பாங்க. கம்பி தெரியிற தளத்துல அத செய்யாதீங்க. ஒரு இஞ்ச் தண்ணி சதுர அடிக்கு 2 கிலோவுக்கு மேல, 10க்கு 12 ரூம்னா 280 கிலோ, நாலு ஆளு நிக்கிற பாரம்.

உப்புத் தண்ணி போர் உள்ள ஊரா இருந்தா காங்கிரீட் வேலைக்கு அந்தத் தண்ணிய ஊத்தாதீங்க. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல கூடாதுனு காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456லயே இருக்கு. உங்க ஊர் காவேரிக்கரைதானே, பெரும்பாலும் நல்ல தண்ணியாத்தான் இருக்கும், எதுக்கும் ஒரு பாட்டில் டெஸ்டுக்குக் குடுத்துடுங்க.

—

கொல்லைத்தென்னை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதில் போட லேட்டாயிடுச்சு, ஊருக்குப் போயிட்டு நேத்துதான் திரும்பினேன்.

வயர்மேன் அண்ணே, அன்னிக்கு ராத்திரியே மெயின அணைச்சு அம்மா சித்தி வீட்ல படுத்தாங்க. பாத்தா நீங்க சொன்ன அதே மரப்பட்டி, உள்ள வயர் தோலு பிஸ்கட் மாதிரி உதிருது. கூடத்துக்கு மட்டும் புது லைன், எர்த், ஆர்சிசிபி போட்டாச்சு. முதல் நாளே ரெண்டு தடவ விழுந்துச்சு, பழைய மிக்ஸிதான் காரணம்.

ஓவர்சியர் ஐயா, பிளாஸ்டிக் தாள் மூணு இடத்துல ஒட்டினேன், அம்மா இது என்னடா சுவத்துக்கு பிளாஸ்திரினு சிரிச்சாங்க. அரை அடில உள்பக்கம் தண்ணியா நிக்குது, 3 அடில வேர்வை, 5 அடில ஒண்ணுமில்ல. ஆனா கொல்லைப்பக்கச் சுவத்துல மட்டும் 3 அடியிலயும் சொதசொதனு இருந்துச்சு, ஏன்னு வெளிய போய் தோண்டிப் பாத்தா பாத்ரூம் தண்ணி போற குழாய் மண்ணுக்கு அடியில உடைஞ்சு எத்தன வருசமோ சுவத்தடியிலயே ஊத்திக்கிட்டு இருந்திருக்கு. அங்க வாழை மட்டும் ஏன் அப்படி தளதளனு நிக்குதுனு இப்பதான் புரியுது. குழாய மாத்திட்டேன். வாழைக்கு அம்மா தனியா தண்ணி ஊத்திக்கிறாங்களாம்.

டவுன் காண்ட்ராக்டருக்கு போன் போட்டு உரிக்கிறத முதல்ல தினக்கூலில பண்ணுங்க, அப்புறம் ரேட் பேசலாம்னேன். அதெல்லாம் எங்க சிஸ்டத்துல கிடையாது சார்னு வெச்சுட்டார். ஊர் மேஸ்திரிகிட்ட சுவர் எதனால பொரியுதுனு கேட்டேன். வெத்தலைய ஒதுக்கிக்கிட்டு "ஒங்க தாத்தா காலத்துல பூசின சுண்ணாம்பு 40 வருசம் நின்னுச்சு, ஒங்க அப்பா சிமெண்ட்டு பூசச் சொன்னார், நானேதான் பூசினேன், அன்னிலேருந்துதான் பொரியுது"ன்னார். இத ஏன் முன்னாடியே சொல்லலன்னா, "நீ கேக்கலயே"ங்கிறார்!

சுவரும் ஓடும் அவர்கிட்டயே விட்டாச்சு, சனிக்கிழமை கூலி, நூத்துக்கு அஞ்சு ஐப்பசிக்கு, எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. கையெழுத்துன்னதும் கொஞ்சம் மொகம் சுண்டிடுச்சு, அம்மாதான் காபி குடுத்து சரி பண்ணாங்க. பின்கட்டு ரூமப் பூட்டியாச்சு, இன்ஜினியர் ஒருத்தர் அடுத்த வாரம் வர்றார். ஒரே ஒரு சிக்கல். சுண்ணாம்பு வேலை செஞ்சு 25 வருசம் ஆச்சு, சாமான் எங்க கிடைக்கும், கூட பூச ஆளு யாருங்கிறார். யாருக்காவது தெரியுமா?

—

கரண்டி_மேஸ்திரி:

கோயில் திருப்பணி வேலைக்குப் போற கொத்தனாருங்க கும்பகோணம் சுத்துப்பட்டுல இருக்காங்க தம்பி, கும்பாபிஷேக வேலை நடக்கிற கோயில்ல போய் நேரா கேளுங்க, சுண்ணாம்பும் அவங்களே எங்க வாங்கறாங்கனு சொல்லுவாங்க. பெயிண்ட் கடையில பாக்கெட்ல விக்கிற பொடிய வாங்கிப் பூசிடாதீங்க, அது வெள்ளை அடிக்கத்தான். சுட்ட சுண்ணாம்பு கட்டியா வாங்கணும், கிளிஞ்சல் கிடைச்சா ரொம்ப நல்லது. தொட்டியில முதல்ல தண்ணிய நெறச்சிட்டு அதுல சுண்ணாம்பக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், சுண்ணாம்பு மேல தண்ணிய ஊத்தக் கூடாது, கொதிச்சு மூஞ்சில அடிக்கும், கண்ணு போயிடும். ஒண்ணுக்கு மூணு மணல், கடுக்காய் ஊறவெச்ச தண்ணி விட்டுக் கொழைக்கணும், தடியா ஒரே தடவையா அப்பாம அரை இஞ்சுக்குள்ள ரெண்டு தடவையா பூசணும், சித்திரை வெயில்ல சாக்கு நனைச்சுத் தொங்கவிட்டு ஒரு வாரம் குளுமையா வெச்சிருக்கணும்.

இப்பவே நீத்து ஊறப் போட்டுடுங்க, பூசற நேரத்துக்கு வெண்ணெய் மாதிரி ஆயிருக்கும். தொட்டிய பலகை போட்டு மூடி வைங்க, அம்மாவையும் ஆட்டுக்குட்டியையும் அந்தப் பக்கம் விடாதீங்க.